மணி போன ஊர்

போன தீபாவளி லீவில் மகாபலேஷ்வர் போய்விட்டுத் திரும்பும் வழியில், வாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் மேணவலியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். பேஷ்வாக்களின் மந்திரி நானா பட்னவிஸின் பழைய வாடா, அதாவது மாளிகை, அங்கே இருக்கிறது. வாடாவுக்குப் பின்னால் கிருஷ்ணா நதி, படித்துறை, மேணேஷ்வர் சிவன் கோயில். பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைக்க ஓடிவிட்டார்கள். முட்டி வலியால் படி இறங்காமல் நின்றுகொண்ட அம்மா கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"எய்யா, இங்கன வந்து பாரு. மாதா இருக்கா."

சிவன் கோயில் படித்துறைக்கு மாதா எப்படி வருவாள்? வெயிலில் தலை சுற்றுகிறதோ என்று நினைத்துக்கொண்டே போனேன். சின்ன மண்டபம். உள்ளே பெரிய வெண்கல மணி. அதன் வயிற்றில் புடைப்பாக ஒரு பெண், கையில் குழந்தை. வார்த்த வருஷம் 1707. சந்தேகமே இல்லை, மாதாதான்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். சிவனுக்காகவா மாதாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, மணியைத் தொட்ட விரல்களை முத்தி செய்தாள். அதற்குள் டிரைவர் வந்து கதையைச் சொன்னார். மும்பைக்கு வடக்கே வசை என்ற ஊரில் இருக்கிற கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து மராத்தியத் தளபதி சிமாஜி அப்பா பிடித்தபோது, அங்கிருந்த வேதக் கோயில் மணிகளை எல்லாம் வெற்றிச் சின்னமாக எடுத்துவந்து நம் கோயில்களுக்குக் கொடுத்தார்களாம். நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில் கோதாவரியைப் பார்த்துத் தொங்குகிற மணியும் அப்படி வந்ததுதான், அது 1721-ல் வார்த்தது. பீமாசங்கரில் ஒன்று இருக்கிறது.

"வசையில எந்தக் கோயில் மணி இது?" என்றாள் அம்மா. நான் மராத்தியில் கேட்டேன். டிரைவர் உதட்டைப் பிதுக்கினார்.

இந்தக் கேள்வியை அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை அம்மா. அவள் பிறந்தது மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். பர்னாந்து வீடு. அந்த ஊர்களில் மணிக்கு ஒரு பாஷை உண்டு. விடியக்காலை, மத்தியானம், அந்தி என்று மூன்று வேளை ஜெபத்துக்குத் திரிகால மணி, பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி. விட்டு விட்டு ஒற்றையாக அடித்தால் சாவு. கெட்ட நேரத்தில் நிறுத்தாமல் அடித்தால் கடலுக்குப் போன வள்ளத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம், அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓட வேண்டியதுதான். மூடாக இருக்கிற காலையில் எந்த ஊர் மணி கேட்கிறது என்பதை வைத்தே தாத்தா கரை பிடிப்பாராம். அப்படி வளர்ந்தவளிடம் "ஏதோ ஒரு கோயில் மணி" என்றால் எப்படி ஒத்துக்கொள்வாள்?

"அந்தக் கோயிலப் பாக்கணும்" என்றாள். இரண்டு மாதம் விடாமல் சொன்னாள்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நானும் அம்மாவும் மட்டும். தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து மாகிம் ஸ்டேஷன் நடை தூரம். புதன்கிழமைதோறும் மாகிம் கோயில் நவநாளுக்குப் போகிற பாதையும் அதுதான் என்பதால் அம்மாவுக்கு அந்த வழியில் பூக்காரி, டீக்கடைக்காரர், நாய் எல்லாம் பழக்கம். விரார் லோக்கல் என்றதும் மும்பைக்காரன் வயிற்றில் ஒரு பயம் வரும். ஆனால் காலையில் வடக்கே போகிற வண்டி காலி. அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, காலை எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டு, ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

பயந்தரைத் தாண்டியதும் வசை கழிமுகப் பாலம் வரும். ரயில் தடதடவென்று தண்ணீருக்கு மேல் ஓடும்போது எதிர் சீட்டுப் பெண் ஒரு பையிலிருந்து வாடிய பூஜைப் பூக்களை எடுத்து வெளியே வீசினாள். நடுவில் பாஞ்சு தீவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சிலர் தேங்காயையே வீசுவார்கள், கீழே போகிறவன் மண்டைக்கு அது எமன். பூவாகப் போனதே என்று நினைத்துக்கொண்டேன்.

வசை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நாலசோபாராவுக்கும் வசைக்கும் வித்தியாசம் தெரியாத கட்டட நெரிசல், ஆட்டோ, ஹாரன். மேற்கே நாலைந்து கிலோமீட்டர் போன பிறகுதான் காட்சி மாறுகிறது. வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், கிணறு, ஓட்டு வீடு, வீட்டு முற்றத்தில் வெள்ளையடித்த குருசடி. இந்தப் பச்சை தானாக மிஞ்சவில்லை. கட்டடக்காரர்களும் தண்ணீர் டேங்கர்களும் வசையை விழுங்கப் பார்த்தபோது ஹரித் வசை, அதாவது பசுமை வசை, என்ற இயக்கத்தை முன்னால் நின்று நடத்தியவர் ஒரு கத்தோலிக்கச் சாமியார், பிரான்சிஸ் டிபிரிட்டோ. இந்த ஊர்க்காரர். மராத்தியில் பெரிய எழுத்தாளர், பைபிளை மராத்தியில் புதிதாகக் கொண்டுவந்து சாகித்திய அகாதமி விருது வாங்கியவர், 2020 மராத்தி சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தவர். 2024-ல் இறந்துபோனார். இதை நான் சொல்லிக்கொண்டே வர, அம்மா ஒரு சொல்லில் மட்டும் நின்றாள்.

"பிரிட்டோவா? நம்ம ஓரியூர் அருளானந்தரும் பிரிட்டோதானலே?"

ஆமாம். ஜான் டி பிரிட்டோ. 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். பெயர்தான் சொந்தம், ரத்தம் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அது போதும். அதற்கப்புறம் வழியெல்லாம் வீட்டுப் பெயர்ப்பலகைகளைப் படிக்கச் சொன்னாள். தேவநாகரியில் பெரேரா, லோபிஸ், ரொட்ரிக்ஸ், டிமெல்லோ. "ரொட்ரிகோ எங்க தெருவுலயே நாலு வீடு. பெரைரா உங்க சின்னத் தாத்தா வீட்டுக்குச் சம்பந்தம்." ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அவர் யாதவ், ஜான்பூர்க்காரர்.

யோசித்தால் அம்மா சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசையையும், கூடவே பம்பாயின் ஏழு தீவுகளையும் போர்த்துக்கீசியருக்கு எழுதிக்கொடுத்தது 1534 டிசம்பரில். அம்மா ஊர்ப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியர் துணைக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததும் 1530-களின் நடுவில்தான். அங்கே முத்து, இங்கே துறைமுகம். ஒரே கப்பல்காரர்கள், ஒரே பத்து வருஷத்துக்குள், இரண்டு கடற்கரைகளில் ஒரே பெயர்களை விதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று நம் வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போன சொற்கள் தனி. நாம் இன்று கொண்டாடுகிற மும்பை அன்றைக்கு வசையின் கீழ் கிடந்த சதுப்புத் தீவுக் கூட்டம். இதைச் சொன்னால் தாதர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோட்டைக்கு முன்னால் பூசை. ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டால் அம்மாவுக்கு நாள் ஓடாது. ரமேதி மாதா கோயிலுக்குப் போனோம். ரமேதி மராத்திச் சொல் மாதிரித் தெரிந்தாலும் அது போர்த்துக்கீசிய ரெமேதியோஸ், மருந்து, நோய்க்குப் பரிகாரம். தொமினிக் சபைச் சாமியார்கள் வைத்த பெயர் ஊர் வாயில் தேய்ந்து இடத்துக்கே பெயராகிவிட்டது. அர்த்தத்தைச் சொன்னதும் அம்மா கோயில் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அப்ப நம்ம ஆரோக்கிய மாதாதான். வேளாங்கண்ணியில ஒரு பேரு, இங்க ஒரு பேரு."

பூசை மராத்தியில். எனக்கு மராத்தி தெரியும், அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்கு மட்டும். ஆனால் அவள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சாமியார் மராத்தியில் சொல்ல, இவள் தமிழில் பதில் சொன்னாள். எங்கே நிற்க வேண்டும், எங்கே முட்டி போட வேண்டும், எங்கே மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும் எல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது. முன் பெஞ்சில் நாலைந்து கிழவிகள் சிவப்புக் கட்டம் போட்ட ஒன்பது கஜப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கத்துக் குபாரி கிறிஸ்தவர்களின் பழைய உடை. இப்போது கல்யாணத்துக்கும் திருநாளுக்கும்தான் பெண்கள் கட்டுகிறார்கள், கிழவிகள் மட்டும் விடவில்லை. அம்மாவுக்குப் பூசையில் பாதிக் கண் அந்தப் புடவையில்தான். "கண்டாங்கி மாதிரி இருக்குலா?" என்று காதில் சொன்னாள். பூசை முடிந்து வெளியே வரும்போது நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு பெண் கையில் சாமந்திச் சரத்தோடு உள்ளே போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாகிமிலும் புதன்கிழமை அப்படித்தான்.

அப்புறம் கோட்டை.

வசைக் கோட்டைக்குக் கதவும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஊர்ச்சாலையே உள்ளே புகுந்து மறுபக்கம் மீனவர் குடியிருப்புக்குப் போகிறது. நுழைந்தவுடன் சிமாஜி அப்பா சிலை. தாண்டினால் இரண்டு பக்கமும் மரங்கள், கொடிகள், அதற்குள் கூரையில்லாத கோயில்கள். ஒன்றில்லை, இரண்டில்லை. பிரான்சிஸ்கன், தொமினிக்கன், அகுஸ்தீன், இயேசு சபை என்று ஆளுக்கொரு கோயிலும் மடமும். ஒரு சுவரை விட்டு அடுத்த சுவருக்குப் போவதற்குள் சபை மாறிவிடுகிறது. கோட்டைக்குள் குடியிருக்க வெள்ளைப் பிரபுக்களுக்குத்தான் உரிமை. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் வெளியேதான். கடைசியில் உள்ளே இருந்தவர்கள் போய்விட்டார்கள், வெளியே இருந்தவர்களின் கோயில்கள்தான் இன்றும் மணி அடிக்கின்றன.

சூசையப்பர் கோயில்தான் அங்கே தலைமைக் கோயில். கோபுரம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. வாசல் மேல் ஒரு கல்வெட்டு, பேராயர் மெனேசிஸ் காலத்தில் 1601-ல் புதுப்பித்ததாகச் சொல்கிறது. அந்த மெனேசிஸ் இதற்கு இரண்டு வருஷம் முன்புதான் உதயம்பேரூரில் மலையாளக் கிறிஸ்தவர்களைக் கூட்டி, அவர்கள் பழைய வழக்கங்களைப் பிடுங்கிப் போட்டவர். கை நீளமான மனுஷன்.

அம்மா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே மணி தொங்க வேண்டிய இடத்தில் வானம். ஒரு கிளிக்கூட்டம் உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

"இதா இருக்குமோ?"

"தெரியலம்மா."

அடுத்த கோயிலிலும் அதையே கேட்டாள். பிரான்சிஸ்கன் சபையின் அந்தோனியார் கோயிலில் தரையே கல்லறைக் கற்கள்தான். குடும்பச் சின்னம், பெயர், வருஷம் எல்லாம் செதுக்கிய பலகைகள். பல இடங்களில் எழுத்து தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அம்மா எதன் மேலும் கால் வைக்காமல் ஓரமாகவே, சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு சுற்றி வந்தாள். அதே நேரம் நடுக்கூடத்தில் ஒரு கல்யாண ஜோடிக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு வெள்ளை கவுன், அதன் வால் மட்டும் பத்தடி. இரண்டு பையன்கள் அந்த வாலைத் தூக்கி வீச, தலைக்கு மேல் டிரோன் கொசு மாதிரி ரீங்காரம். வால் போய் விழுந்தது யாரோ ஒரு பிரபுவின் கல்லறை மேல். பெண் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு புகைப்படக்காரர் கூப்பிட, முகத்தை மாற்றிக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று நூற்றாண்டாகக் கல்யாணம் நடக்காத கோயில்.

இயேசு சபைக் கோயிலின் முகப்புதான் மிச்சமிருப்பதில் அழகு. தூண்கள், வளைவு, மேலே சபை முத்திரை. இந்தச் சாமியார்களிடம் வளர்ந்து படித்த பையன்தான் கொன்சாலோ கார்சியா. அப்பா போர்த்துக்கீசியர், அம்மா வசைப் பெண். ஜப்பானுக்குப் போய், அந்த பாஷை கற்று, வியாபாரம் செய்து சம்பாதித்து, எல்லாவற்றையும் விட்டு மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். குருப்பட்டம் கிடையாது. மொழிபெயர்ப்பாளராகத் திரும்ப ஜப்பான் போனவரை அந்த நாட்டை ஆண்ட ஹிதேயோஷியின் ஆட்கள் பிடித்தார்கள். 1597 பிப்ரவரி 5, நாகசாகியில் இருபத்தாறு பேரைச் சிலுவையில் அறைந்தார்கள், அதில் ஒருவர். 1862-ல் புனிதர் பட்டம். இந்தியாவில் பிறந்து அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள். பக்கத்தில் காஸ் கிராமத்தில் அவர் பெயரில் கோயில் இருக்கிறது.

அம்மா கேட்டுவிட்டு, "நம்ம தேவசகாயம் பிள்ளைக்கு எப்பம் குடுத்தாங்க?" என்றாள்.

"2022."

"அவரச் சுட்டது?"

"1752."

விரல் விட்டு எண்ணினாள். "எரநூத்தி எழுவது வருசம். இவருக்கு?"

"இருநூற்று அறுபத்தஞ்சு."

"சரி, ரெண்டு பேரையும் ஒரே கணக்காத்தான் காக்க வச்சிருக்கானுவ" என்று எழுந்தாள். ரோமுக்கு அந்தக் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

கோட்டைக்குள் நாகேஷ்வர் கோயிலும் வஜ்ரேஷ்வரி கோயிலும் இருக்கின்றன. கோட்டை விழுந்தால் கோயில் கட்டுகிறேன் என்று சிமாஜி அப்பா வஜ்ரேஷ்வரி அம்மனுக்கு நேர்ந்துகொண்டதாக ஊர்க்கதை. 1739 மே மாதம் கோட்டை விழுந்தது, தானே மாவட்டத்தில் அம்மனுக்குக் கோயிலும் எழுந்தது. நாகேஷ்வர் கோயிலில் ஒரு சின்ன மணி தொங்கியது. அம்மா அதை உற்றுப் பார்த்தாள். சாதாரணக் கடை மணி. அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

நான் அப்போது மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். மேணவலி மணி வார்த்தது 1707. இங்கே தொங்கியது அதிகபட்சம் முப்பத்திரண்டு வருஷம். இங்கிருந்து போய் இருநூற்று எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது சிவன் கோயிலில் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் மாதா கோயிலில் இருந்தது ஒரு சின்ன வாடகைக் காலம். கொள்ளை கொள்ளைதான், அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த மணியை உருக்கிப் பீரங்கி வார்த்திருக்கலாம். யாரும் செய்யவில்லை. மாதா உருவத்தைக்கூடச் செதுக்கி எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"மணிய யாராவது உடைப்பாங்களா?" என்றாள், நான் ஏதோ அசட்டுத்தனமாகப் பேசிவிட்டதுபோல.

1802 கடைசி நாளில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் வெள்ளைக்காரனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் வசையில்தான். அம்மாவுக்குப் பசித்துவிட்டது, அதனால் அந்த ஒப்பந்தத்துக்கு நான் அதற்கு மேல் நேரம் ஒதுக்கவில்லை.

கடல் வாசலைத் தாண்டினால் கில்லாபந்தர். கோளிக் கிறிஸ்தவர்களின் மீன்பிடி ஊர். மூங்கில் பரணில் வரிசை வரிசையாக பொம்பில் மீன் காய்கிறது. இரண்டிரண்டாக, ஒன்றின் வாயில் இன்னொன்றின் தாடையைக் கோத்து மாட்டியிருக்கிறார்கள், துணிக் கிளிப்பே வேண்டாம். காலையிலிருந்து பொறுமையாக வரலாறு கேட்டுக்கொண்டிருந்த அம்மா இங்கே வேறு ஆளாகிவிட்டாள். ஒரு பொம்பிலை எடுத்து, வளைத்துப் பார்த்து, வயிற்றை மோந்து, "இன்னும் ரெண்டு வெயிலு வேணும். ஈரம் போவல" என்றாள். என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். விற்றுக்கொண்டிருந்த அம்மாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். உப்புப் போடாமல் காயவைப்பது எங்கள் வழக்கம், உனக்கென்ன தெரியும் என்கிறாள். எங்கள் ஊரில் உப்பில்லாமல் கருவாடே கிடையாது என்கிறாள் இவள். அவள் மராத்தி, இவள் தமிழ், நடுவில் இரண்டு இந்திச் சொல். பத்து நிமிஷச் சண்டை. முடிவில் அரைக் கிலோ நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் மாதா படம், பக்கத்தில் கடலில் போன மகன் படம், இரண்டுக்கும் ஒரே மாலை. அம்மா அந்தப் பையன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வருஷம் என்று கையை விரித்துக் கேட்டாள். அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"மணி அடிச்சாங்களா?" என்றாள் அம்மா. இதை மட்டும் நான் மராத்தியில் சொன்னேன்.

"அடிச்சாங்க. ராத்திரி முழுக்க."

திரும்பி வரும்போது ரயில் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். 2024-லிருந்து வசைக்கும் பயந்தருக்கும் நடுவில் ரோ-ரோ படகு ஓடுகிறது. காரும் பைக்கும் கீழே ஏறிக்கொள்ள, நாம் கைப்பிடி ஓரம் நின்றுகொள்ளலாம். படகு கிளம்பும் முன் கடையில் சுகேளி வாங்கினேன். வசையின் ராஜேளி வாழைப்பழத்தை வெயிலில் காயவைத்துச் சுருக்கியது, தேன் நிறத்தில், பல்லில் ஒட்டும். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைப் பேத்திகளுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். கருவாட்டுப் பொட்டலம் என் பையில் இருந்தது. ஒரு பைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களை விட்டு நகர்ந்து நின்றார்.

படகு விலக விலகக் கோட்டைச் சுவர் நீளமாகத் தெரிந்தது. பின்னால் மரங்களுக்கு மேலே சூசையப்பர் கோயில் கோபுரம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது கரையிலிருந்து மணிச் சத்தம் வந்தது. மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம். அம்மா பேச்சை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

முடிந்ததும், "எந்தக் கோயிலா இருக்கும்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"திரிகால மணிலே. பேசாம நில்லு" என்றாள்.